எங்கள் மாப்பிள்ளை மேனேஜராக இருக்கட்டுமா, போகட்டுமா

இருங்காட்டுக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி தளவாய் அவர்களுக்கு, நடேசன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி ராஜம்மா, தங்கள் மருமகள் சத்யப்பிரியா, தங்கள் மகன் கொம்பையா ஆகிய நால்வரும் நலம். நால்வரும் ஒரே கூரையின் கீழ் இல்லை என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. கயத்தாற்றில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும், தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும், அதாவது பஸ் ஏறி இங்கே வருகிற அளவுக்காவது குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் நான் போனை எடுத்தாலே எந்தப் பக்கத்துக்காகப் பேசினேன் என்று இரண்டு பக்கமும் விசாரிக்கிறார்கள். ஆகையால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை மாதத்தில் ஒரு நாள் தங்கள் மகன் வேலை முடிந்து வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "மாமா, என்னைய மேனேஜராப் போட்டுட்டாவ" என்றார். கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கிற பிள்ளை ஒரே தாவலில் மேனேஜர் ஆகிவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தேன். என் வாடகை அறைகளில் இருக்கும் பையன்களுக்கெல்லாம் இனிமேல் மாப்பிள்ளையைப் பார்த்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அவர்களும் நின்றார்கள். மறுநாள்தான் சத்யப்பிரியா சொன்னாள், அது கம்பெனி மேனேஜர் இல்லையாம், எங்கள் ஊர்ப் பையன்கள் நடத்துகிற கால்பந்து அணிக்கு மேனேஜராம். சம்பளம் கிடையாது. எலுமிச்சைப்பழமும் ஐஸ் கட்டியும்கூட அவரே வாங்க வேண்டும். கொடுத்த ஜாங்கிரியைத் திருப்பிக் கேட்க முடியுமா. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைப் பையன்களுக்கென்று ஒரு கோப்பைப் போட்டி நடக்கிறது. அதில் எங்கள் அணி மாப்பிள்ளையின் தலைமையில் இறங்கியது. எனக்குப் பந்தாட்டம் தெரியாது. ஆனால் பந்தை எதிராளியின் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்கிற அளவுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் முறை வேறு. பதினோரு பேரையும் நம் கோல் கம்பத்துக்கு முன்னால், ஷிப்ட் பஸ்ஸில் நிற்பதுபோல நெருக்கமாக நிறுத்திவிடுகிறார். யாரும் நகரக் கூடாது. எப்போதாவது பந்து முன்னால் போனால் அதைத் துரத்துவதற்கு ஒரே ஒரு ஆள், தங்கள் தம்பி மகன் இசக்கிபாண்டி. அந்தப் பிள்ளை பரம சாது. எதிராளி வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறான். தண்டலத்துப் பையன்களிடம் தோற்றோம். ஒரகடத்திடம் தோற்றோம். ஒரு ஞாயிறு எதிரணி வந்த வேன் பழுதாகி ஆட்கள் குறைவாக வந்தார்கள், அவர்களிடமும் தோற்றோம். நான் மெதுவாக மாப்பிள்ளையிடம் கேட்டேன். "பொறும வேணும் மாமா. மொதல்ல தோக்காம இருக்கப் படிக்கணும், அப்புறந்தான் செயிக்கணும்" என்றார். தோற்றுக்கொண்டே தோற்காமல் இருக்கப் படிப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை என்பதால் தலையாட்டினேன்.

அதன் பிறகு ஊர் இரண்டாகிவிட்டது சம்பந்தி. ஒன்று 'இருக்கட்டும்' கட்சி, இன்னொன்று 'போகட்டும்' கட்சி. ஷிப்ட் பஸ்ஸில் இடது பக்கம் ஒரு கட்சி, வலது பக்கம் ஒரு கட்சி. டீக்கடையில் ஒரு கட்சிக்காரன் உட்கார்ந்து குடித்த பெஞ்சில் மறு கட்சிக்காரன் உட்காருவதில்லை. முடிவெட்டுகிற கடையில் ஒரு பையன் தலை பாதி முடிந்த நிலையில் 'போகட்டும்' என்று வாயைத் திறந்துவிட்டான், கடைக்காரர் 'இருக்கட்டும்' கட்சி, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பையன் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். என் வாடகை அறைகளிலும் பாதிக்குப் பாதி. ஒரு கட்சி மோட்டார் போட்டால் இன்னொரு கட்சி நிறுத்துகிறது. தொட்டியில் தண்ணீர் ஏறுவதே இல்லை, நான் பேரம்பாக்கத்து லாரிக்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். 'போகட்டும்' கட்சிக்குத் தலைவி யார் தெரியுமா, தங்கள் மருமகள். செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனையில் வேலை பார்க்கிறாள், நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம், அதை மைதானத்திலும் செய்கிறாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே பந்தாட்டப் பைத்தியம், மாப்பிள்ளையைப் பிடித்துப்போனதே அவர் பந்து உதைக்கிற அழகைப் பார்த்துத்தான். ஒரகடத்திடம் தோற்ற அன்று கோட்டோரம் நின்றுகொண்டு, "மேனேஜர் போகட்டும்" என்று முதல் குரல் கொடுத்தவள் அவள். அன்றைக்கே மாப்பிள்ளை தலையணையை எடுத்துக்கொண்டு இசக்கிபாண்டியின் அறைக்குப் போய்விட்டார். எதிர்க்கட்சி வைத்த குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹோட்டலில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். என் மனைவி ராஜம்மாவோ 'இருக்கட்டும்' கட்சி. அவளுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்றுகூட அக்கறையில்லை. "இன்னாத்துக்கு அந்தப் புள்ளைய போ போன்றீங்கோ. போறதுக்கா பொண்ணக் குடுத்தோம்" என்கிறாள். நான் வாய் திறக்காமல் இருந்தேன். அதற்கு, "இன்னா, வூட்ல ஆம்பள ஒருத்தன் கீறானான்னே தெரியல" என்று அதற்கும் திட்டு.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டதைத் தங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். போன மாதம் ஒரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்டையே எடுத்துவிட்டார்கள். என் அறைகளில் இருந்த பையன்கள் சிலருக்கு வேலை போயிற்று. காலையில் கேட்டில் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான், யாரும் எதுவும் சொல்லவில்லை. பையன்களும் எதுவும் கேட்கவில்லை. பையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதே பையன்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தொண்டை கிழிய, "பதில் சொல், பதில் சொல்" என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்துகிறார்கள். அவர்களில் ரகு என்று ஒருவன், நல்ல பையன், என் குடித்தனக்காரன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏம்பா, இந்தக் குரலைக் கம்பெனி வாசலில் காட்டக் கூடாதா என்று. "அங்க கேட்டா அடுத்த கம்பெனிலயும் கார்டு வேலை செய்யாது சார். இங்க கேட்டா கைத்தட்றாங்கோ" என்றான். வாடகையைப் பிறகு கொடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அணிக்குத் தலைவர் பகலவன். கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட் ஆள் பிடித்துக் கொடுக்கிறவர், மாப்பிள்ளையும் ரகுவும் அவர் மூலமாக உள்ளே போனவர்கள்தான். பனியன் வாங்கிக் கொடுத்த காரணத்தால் தலைவர். சண்டையை அவர் தீர்த்துவைப்பார் என்று நம்பி அவர் ஆபீசுக்குப் போனேன். உள்ளே இரண்டு பேனர் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றில் 'மேனேஜர் இருக்கட்டும்', மற்றதில் 'மேனேஜர் போகட்டும்'. இரண்டிலும் மூலையில் அவர் படம், ஒரே சட்டை, ஒரே சிரிப்பு. "இன்னாப்பா இது" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி வரவழைத்து, "மாமா, பசங்க எதுனா ஒண்ணப் பேசிகினு இருக்கணும். இதப் பேசிகினு கீற வரைக்கும் வேற எதையும் பேச மாட்டானுங்கோ. நீங்க இதுல தலையிடாதீங்கோ" என்றார். காபி நன்றாக இருந்தது. அதற்குமேல் எனக்கு எதுவும் நன்றாகத் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுக்கூட்டம். எந்தக் கட்சியிலும் சேராத ஒரே ஆள் நான் என்று சொல்லி என்னைத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள், கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு நாற்காலி. மாப்பிள்ளை எழுந்து பேசினார். "தோத்தோம். இல்லேங்கல. ஆனா போன வருசம் மாதிரி மூட்ட மூட்டயாவா கோல் வாங்குதோம். ஒண்ணே ஒண்ணு வாங்கித்தான தோக்கோம்."

சத்யப்பிரியா எழுந்தாள். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு போடணும். போடறதுக்கு முன்னால யாரு நிக்கறா. உங்க சித்தப்பா பையன். பந்து வந்தா கும்புட்டு அனுப்பறான்."

"அவன் உழைக்கான்."

"எங்க உழைக்கறான், தண்ணி பாட்டில் தூக்கறதுலயா. வூட்ல நீ என் புருஷன், நான் ஒண்ணும் சொல்லல. இங்க நீ மேனேஜர். மேனேஜர் போகட்டும்."

பாதி மண்டபம் கைதட்டியது. இசக்கிபாண்டியும் தட்டினான், பக்கத்தில் இருந்தவன் தட்டியதால். மாப்பிள்ளை தாழ்ந்த குரலில், "அப்பம் நான் வீட்டுக்கு வரலாமா" என்று கேட்டார். "யாரு வாணான்னா. சோறு எடுத்து வச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள் அவள், கோபம் குறையாமலே. ஆனால் வீராப்பு இரண்டு பேருக்கும், அவர் இசக்கிபாண்டியின் அறைக்குத்தான் திரும்பிப் போனார்.

கை தூக்கச் சொன்னோம். சரிபாதி. பகலவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சரிபாதி என்றால் தலைமையில் இருப்பவர் ஒரு கை தூக்க வேண்டுமாம், அதுதான் முறையாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'இருக்கட்டும்' என்று தூக்கினால் மகள் பேச மாட்டாள், 'போகட்டும்' என்று தூக்கினால் மனைவி சோறு போட மாட்டாள், எப்படிப் பார்த்தாலும் பாதித் தெரு வாடகை தராது. நான் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிரியாணி ஆறிப்போகுது" என்றேன். இரண்டு கட்சியும் ஒற்றுமையாக ஓடியது. நான் சமையல்கட்டு வழியாக வெளியே வந்து, முதலில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன், அது வாலாஜாபாத் போகிற பஸ். அங்கே இருக்கிற என் தங்கை நாச்சியார் வீட்டில் தங்கிவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். வரும் ஞாயிறு மறுபடி கூட்டமாம், என் கை எந்தப் பக்கம் என்று ஊரே காத்திருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது, தாங்கள் பெற்ற தகப்பன் என்கிற உரிமையோடு கொம்பையாவைக் கூப்பிட்டு, அந்தப் பதவியை அவரே விட்டுவிடும்படி சொல்ல வேண்டும். அவர் தானாக விலகினால் யாரும் யாரையும் போகச் சொன்னதாக ஆகாது, என் கையும் கீழேயே இருக்கும். பிள்ளைகள் இருவரும் ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு விளக்கில் வாழ்ந்து, தாங்களும் சம்பந்தியம்மாவும் பேரன் பேத்தி கண்டு மகிழ வேண்டும் என்று வேண்டி, பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லி முடிக்கிறேன்.

தங்கள் சம்பந்தி,
நடேசன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. தாங்கள் மகனைக் கூப்பிட வேண்டாம். அவராகவே போகிறார். ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியின் அதிகாரி எங்கள் தோல்விகளை எல்லாம் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பதினோரு பேரை ஆட்டம் முழுக்க இடத்தை விட்டு அசையாமல், ஏன் என்று ஒருவனும் கேட்காமல் நிற்கவைத்த திறமை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். மாப்பிள்ளைக்கு லைன் சூப்பர்வைசர் உத்தியோகம், நிரந்தரம், கூடவே அவர்கள் அணிக்கு மேனேஜர் பொறுப்பு. 'இருக்கட்டும்' ராஜம்மா உடனே போகட்டும் என்றுவிட்டாள், நிரந்தரமாச்சே. இன்று காலை இரண்டு கட்சியும் முதல்முறையாகச் சேர்ந்து என் வாசலுக்கு வந்து, மாப்பிள்ளை துரோகி என்றார்கள். நீங்கள்தானே போகச் சொன்னீர்கள் என்று ரகுவைக் கேட்டேன். "நாங்க போன்னு சொன்னோம் சார். அவரா எப்படிப் போலாம்" என்றான். பையன்கள் ஒன்று சேர்ந்ததைப் பார்த்துப் பகலவன், "மாமா, ஒருத்தன் சம்பளத்துல புடிச்ச பி.எஃப். பணம் எங்கன்னு கேக்கறான்" என்று ஓடி வந்தார். மதியத்துக்குள் புது மேனேஜரை அறிவித்துவிட்டார்: சத்யப்பிரியா. பெண்பிள்ளை மேனேஜராக இருக்கலாமா கூடாதா என்று மாலைக்குள் ஊர் மறுபடி இரண்டாகிவிட்டது, பி.எஃப். பேச்சு நின்றுவிட்டது, பகலவன் சிரிக்கிறார். பிள்ளைகள் இருவரும் இப்போது ஒரே அறையில்தான் இருக்கிறார்கள், இசக்கிபாண்டியை நீயே வைத்துக்கொள் என்று ஒருவரை ஒருவர் வற்புறுத்துகிற சத்தம் வெளியே கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் உண்டு, தலைமை நான்தானாம். அதனால் மேலே மகனிடம் சொல்லச் சொன்னதை எல்லாம் தயவுசெய்து மருமகளிடம் சொல்லவும். நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம்.