இரண்டு கிராம் அருள்

லண்டன் விசா கொழும்பில் கிடைப்பதாக இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் திருத்திக்கொள்ளலாம். அது மஸ்கெலியாவில் கிடைக்கிறது. ஹட்டனில் பஸ் ஏறி, நீர்த்தேக்கக் கரையில் இறங்கி, செருப்புகள் குவிந்து கிடக்கும் பக்கமாக நடக்க வேண்டும். குவியல் முடிகிற இடத்தில், ஒரு சின்ன அம்பாள் கோயில் வாசலில், விசாச்சாமி உட்கார்ந்திருப்பார்.

முறை எளிது. கடவுச்சீட்டை மஞ்சள் துணியில் முடிந்து கொடுக்க வேண்டும். சாமி அதை நகைக்கடைத் தராசில் வைப்பார். எண்ணை யாரும் எட்டிப் பார்க்கலாம், ஒளிவுமறைவு கிடையாது. பிறகு அந்த முடிச்சு, கூரை ஒழுகும் கருவறையில், அபிஷேகப் பட்டுக்கு அடியில், அம்பாள் பாதத்தில் ஓர் இரவு இருக்கும். மறுநாள் காலை மீண்டும் நிறுத்தால் எடை கூடியிருக்கும். கூடியது அருள். ஒரு கிராம் என்றால் மலேசியா. இரண்டு என்றால் லண்டன். மூன்றுக்கு மேல் கனடா.

"எம் மச்சான் மகனுக்கு ஒன்றரை கிராம் ஏறிச்சு," என்றார் வரிசையில் நின்ற ஆட்டோக்கார நல்லமுத்து. "மலேசியாவா, லண்டனான்னு ஒரே கொழப்பம்."

"நடுவுல எங்கயாச்சும் எறங்கிக்கச் சொல்லுங்கண்ணே," என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"அருள் ஏறியும் விசா கிடைக்காதவங்க இருக்காங்களாமே?" என்று அவனே கேட்டான்.

"அவங்க வீட்டுக்குப் போய் முடிச்ச அவுத்துப் பாத்திருப்பாங்க. அவுத்தா அருள் போயிரும்னு சாமி தெளிவாத்தான் சொல்லியிருக்காரு."

சாமியின் இயற்பெயர் செல்லசாமி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசு பிடித்தவர். பெண்கள் பறித்து வரும் கொழுந்தை நிறுத்துக் கிலோ சொன்ன அதே வாய்தான் இப்போது நாடு சொல்கிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"அன்னைக்குக் கொழுந்த நிறுத்தேன். இன்னைக்கு உங்க கர்மத்த நிறுக்கிறேன்," என்பார்.

பக்தர்கள் இதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள் காளியாயி. மகள் சர்மிளாவுக்கு லண்டனில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. காளியாயியின் சேமலாப நிதி, மகன் கத்தாரில் உழைத்தது, நகைகள் அடகு போனது எல்லாம் சேர்ந்து தாயின் பெயரில் வங்கியில் கிடந்தன. விசா கேட்டு விண்ணப்பிக்கும் முன் அந்தப் பணம் குறையாமல் கிடக்க வேண்டும். அது கிடந்துகொண்டிருந்தபோதுதான் காளியாயி சாமியைப் பார்க்கப் போனாள்.

"பாஸ்போட்டுக்கு மட்டும் அருள் ஏறினாப் போதுமா தாயி?" என்று கேட்டார் சாமி. "பணத்துக்கும் ஏறணும். பேங்ல கெடக்கிற பணத்துல எத்தன பேரு கண்ணு பட்டிருக்கும். திங்கக்கெழம எடுத்துட்டு வாங்க. ஒரு ராத்திரி அம்பாள் பாதத்துல இருக்கட்டும். பத்துல ஒரு பங்கு அம்பாளுக்கு. மிச்சத்த திரும்பப் போட்டுருங்க."

பத்தில் ஒரு பங்கை அம்பாள் எந்த வங்கியில் போடுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்து காளியாயி விஷயத்தைச் சொன்னதும் சர்மிளா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அந்தப் பணம் இருபத்தெட்டு நாள் அசையாமக் கெடக்கணும். ஒரு நாள் கொறஞ்சாலும் விசா இல்லேன்னு அனுப்பிருவாங்க."

"ஒரு ராத்திரிதானே புள்ள."

"ராத்திரியும் அவங்க கணக்குல வரும்மா. சாமி பேச்சைக் கேட்டுப் பணத்த எடுத்தவங்களுக்கு ஏன் கிடைக்கலன்னு நெனைக்கிறீங்க?"

"அவங்க முடிச்ச அவுத்திருப்பாங்க."

"விசா குடுக்கிறது யாரும்மா?"

"குடுக்க வைக்கிறது யாரு? நீ படிச்ச புள்ள, உனக்கு எல்லாந் தெரியும். தராசு பொய் சொல்லுமா, அத மட்டும் சொல்லு."

கோப்பைக்குப் பக்கத்தில் முந்தின நாள் பிரித்து மூட மறந்த பிஸ்கட் பாக்கெட் கிடந்தது. சர்மிளா ஒன்றை எடுத்து உடைக்கப் பார்த்தாள். உடையவில்லை, வளைந்தது. அதை இன்னொரு முறை வளைத்துப் பார்த்தாள்.

"சரிம்மா. நானும் ஒரு முடிச்சு குடுக்கிறேன். தராசு பேசட்டும். அதுக்கப்புறம் பணத்த என்ன செய்யணுமோ செய்ங்க."

மகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று காளியாயி விளக்கேற்றினாள்.

சர்மிளா தனியாகப் போகவில்லை. கூடப் படித்த ஜெனிதாவையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளும் லண்டனுக்குக் காத்திருப்பவள். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள்.

"ஃபாதர் கேட்டா என்னடி சொல்றது?" என்றாள் ஜெனிதா.

"மழைக்குப் பயந்து பாஸ்போட்டப் பொலித்தீன்ல இறுக்கிச் சுத்தினேன்னு சொல்லு. அதுல பாவம் ஒண்ணும் இல்ல."

"மஞ்சத் துணி?"

"அது பொலித்தீனுக்கு மேல."

இரண்டு முடிச்சுகளும் சாமியின் தராசில் ஏறின. எண்கள் உரக்கச் சொல்லப்பட்டன. முடிச்சுகள் அம்பாள் பாதத்துக்குப் போயின.

மறுநாள் காலை மடித்த வங்கிப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி காளியாயி முன்வரிசையில் இருந்தாள். முதலில் ஜெனிதாவின் முடிச்சு. நேற்றைய எண்தான். துணியின் பங்காகத் தசமத்தில் ஒரு புள்ளி கூடியிருந்தது, அவ்வளவுதான்.

"மகளே," என்றார் சாமி வருத்தத்தோடு, "ஒம் மனசுல சந்தேகம் இருக்கு. சந்தேகத்துல அருள் ஒட்டாது."

அடுத்து சர்மிளாவின் முடிச்சு. தராசு யோசித்தது. ஐந்து கிராம் கூடியிருந்தது.

கூட்டம் மூச்சை இழுத்தது. "கனடாவத் தாண்டிருச்சே," என்றார் நல்லமுத்து. "அதுக்கு அங்கிட்டு என்ன நாடு இருக்கு?"

சாமிக்கே கண் கலங்கியது. "இத்தன வருஷத்துல இப்பிடி ஒரு பாஸ்போட்ட நான் பார்த்ததில்ல," என்று முடிச்சை எடுத்து இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். "தாயி, திங்கக்கெழம பணத்தோட வந்துருங்க."

காளியாயி அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"சாமி, முடிச்ச அவுத்துப் பார்க்கிறேன்," என்றாள் சர்மிளா.

"அவுத்தா அருள் போயிரும் மகளே."

"அஞ்சு கிராம் இருக்கே சாமி. கொஞ்சம் போனாலும் லண்டன் மிஞ்சும்."

அவிழ்த்தாள். உள்ளே, இரண்டு வரிசையாக அடுக்கிய ஆறு கிறீம் கிரேக்கர் பிஸ்கட். ஒன்றை எடுத்து மடக்கிக் காட்டினாள். நனைந்த அட்டை போல மடங்கியது.

"நேத்து மொறுமொறுன்னு இருந்துச்சு. ராத்திரி முழுக்க ஈரப் பட்டுக்கு அடியில கெடந்து நமுத்துப் போச்சு. கூடின அஞ்சு கிராமும் தண்ணி. ஜெனிதா பாஸ்போட்டப் பொலித்தீன்ல சுத்தியிருந்தோம். அதுக்குள்ள தண்ணியும் போகல, அருளும் போகல."

கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. எல்லாருக்கும் கேட்டது.

"அன்னத்துலயும் அம்பாள் இருக்கா," என்றார் சாமி.

"இருக்கட்டும் சாமி," என்றார் நல்லமுத்து. "பிஸ்கட்டுக்கு எந்த நாடு?"

யாரோ சிரித்தார்கள். சாமியும் சிரித்துச் சமாளித்துவிடுவார் போலத்தான் இருந்தது. அப்போது காளியாயி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிஸ்கட்டை மகளிடமிருந்து வாங்கி, தானும் ஒரு முறை மடக்கிப் பார்த்தாள்.

"சாமி, மழ நாள்ல எங் கூடைய நிறுத்துட்டு என்ன சொல்லுவீங்க?"

"பழைய கத எதுக்கு தாயி?"

"தண்ணிக்கு மூணு கிலோன்னு சொல்லி வெட்டுவீங்க. பனி பேஞ்சாலும் வெட்டுவீங்க. வெயிலடிச்ச நாள்லயும் வெட்டியிருக்கீங்க."

"அது தோட்டத்துச் சட்டம்."

"இருக்கட்டும். ஈரத்துக்கு எடை உண்டுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். அன்னைக்கு ஈரம்னு எங்க கிலோவ வெட்டுனீங்க. இன்னைக்கு அதே ஈரத்த அருள்னு சொல்லிக் காணிக்க வாங்குறீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க. கிலோவக் குடுங்க, இல்லாட்டிக் காணிக்கயக் குடுங்க."

வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் கொழுந்து பறித்தவர்கள். அருளைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம்; வெட்டிய கிலோவைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. வரிசை கலையவில்லை. அப்படியே இன்னும் நெருக்கமாக முன்னால் நகர்ந்தது. முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

சாமி காணிக்கை உண்டியலைத் திறந்து இருந்த வரை கொடுத்தார். மிச்சத்தை வீட்டிலிருந்து எடுத்து வருவதாகச் சொல்லிப் பின்பக்கமாகப் போனார். எந்த நாட்டுக்குப் போனார் என்று தெரியவில்லை. விசா கேட்காத இடமாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காளியாயி வங்கிக்குப் போகவில்லை. பணம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. சர்மிளாவுக்கு விசா கிடைக்குமா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. காகிதங்களைப் பார்த்து ஓர் அதிகாரி சொல்வார். கொடுக்கலாம், மறுக்கலாம். காகிதம் ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கமாட்டார்.

கிறீம் கிரேக்கரைக் காகங்கள் தின்றன. ஒன்றும் கனடாப் பக்கம் பறக்கவில்லை.

மடுவத்தில் அரைக் கிலோ குறைந்தால் அடுத்த தோட்டம் வரை கேட்கச் சண்டை போட்டவர்களே, தராசுக்குப் பின்னால் ஒரு சாமி படத்தை மாட்டியதும் அந்த வாய் எங்கே போயிற்று?