கழுதையின் பின்னங்கால்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் அவரை மதிக்காத அந்தப் பூனையும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

நிற்க. அப்பாவின் கழுதையை ஊரார் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பயப்படாதே, நிஜக் கழுதை இல்லை. அப்பா நமக்காக எழுதி அச்சிட்ட ஒரே புத்தகத்தில் தபால் மூட்டை சுமந்ததே, அதுதான். அவர் காலமாகி அறுபது வருஷம் முடிந்துவிட்டதால் புத்தகம் இனி எல்லாருக்கும் பொதுவாம். யார் வேண்டுமானாலும் எடுத்து எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமாம். சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ஒரு நாடகக் குழு அதை நாடகமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. சுவரொட்டியில் அப்பா பெயரைப் போட்டு, 'கதையைத் தழுவியது' என்று எழுதியிருந்தார்கள். தழுவினார்களா, கழுத்தை நெரித்தார்களா, பார்த்துவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முப்பத்துநாலு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் அடுத்தவர் புகாரை வாங்கிப் பதிந்தவன், முதல் தடவையாக நானே புகார் சொல்லப் போனேன்.

இயக்குநர் ஒரு பெண். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். நான் களைத்துப்போய்ப் பக்கத்திலிருந்த தபால் பெட்டி மேல் உட்கார்ந்தேன். அது நாடகத்துக்காகச் செய்த அட்டைப் பெட்டி. உள்ளே போய்விட்டேன். நாலு பேர் இழுத்து வெளியே எடுத்தார்கள். அந்த நிலையில் கோபத்தை எங்கிருந்து தொடங்குவது, சொல்லு.

"அது ஆண் கழுதைம்மா. நீங்க பொண்ணாக்கிட்டீங்க."

"ஆமாங்க."

"பாட்டு வேற பாடுதாமே."

"நல்லாவே பாடும்."

"எங்கப்பா எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக்கூடாது."

"கடைசியை மட்டும் தொடலைங்க. வயசாயிடுச்சுன்னு வித்துடறாங்க, அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போகுது. அதுல கை வைக்க எங்களுக்கு மனசு வரல."

அங்கதான் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. உனக்கு அப்போ எட்டு வயசு. அந்தக் கடைசிப் பக்கத்துக்காக ரெண்டு நாள் அப்பாகூடப் பேசாம இருந்தே. மூணாம் நாள் அவர் உன் தட்டுக்கு முன்னால வந்து உட்கார்ந்து, "அடுத்த பதிப்புல வீட்டுக்கு வரவெச்சுடறேன், இப்போ சாப்பிடு"ன்னார். அடுத்த பதிப்பு வர்றதுக்குள்ள அவரே போயிட்டார். இதை உன் அண்ணிகிட்டகூட நான் சொன்னதில்ல, முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். அவ பென்சிலை உருவி, "எந்த வழியா வரும்?"னு கேட்டா. "கொல்லைக் கதவு வழியா. தலையால முட்டித் திறந்துக்கிட்டு"ன்னேன். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே.

வினை அதோட நிக்கல. அந்தப் புதுக் கதவைத் தூக்கிட்டு மாடி ஏறினவர்தான் கழுதைக்குப் பின்னங்கால் வேஷம் போடறவர். ஒரே கழுதைத் தோலுக்குள்ள முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர். படியில கணுக்கால் பிசகிடுச்சு. உயரத்துக்கு நான் சரியா இருக்கேன்னு எல்லாரும் என்னையே பார்த்தாங்க. எழுபத்திரண்டு வயசுன்னேன். "கழுதையும் கிழக் கழுதைதானேங்க"ன்னா அவ. தோலுக்குள்ள குனிஞ்சு நின்னா உலகத்துல முன்னங்கால்காரரோட இடுப்பைத் தவிர எதுவும் தெரியாது. அவர் மருந்துக்கடை வெச்சிருக்கார், நல்ல மனுஷன்.

நேத்துதான் முதல் காட்சி. கடைசியில கதவு திறந்ததும் கூட்டத்துல ஒரு குழந்தை, "வந்துடுச்சு"ன்னுது. சத்தமாக்கூட இல்ல. நான் உள்ளயே அழுதுட்டேன். கழுதையோட பின்பக்கம் குலுங்குது. மருந்துக்கடைக்காரர் பயந்துபோய், "ஐயா, மூச்சு வாங்குதா?"ன்னு திரும்பிட்டார். முன்னங்கால் வாசல்ல மாட்டிக்கிச்சு, பின்னங்கால் சுவத்துல முட்டிக்கிச்சு, தோல் நடுவுல கிழிஞ்சு ஜனங்க என் முகத்தைப் பார்த்துட்டாங்க. கை தட்டினாங்க. எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

நீ இதுக்காக அலைய வேண்டாம். படி செங்குத்து, உன் உடம்புக்கு ஆகாது. இந்த வாரத்தோட நானும் கழுதைக்குக் கும்பிடு போட்டுட்டு வீட்டுல உட்காரப் போறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஊரில் இல்லை. முன்னங்காலுக்கு ஆள் வேண்டுமென்றார்கள், என் தங்கை வருவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமையே பஸ் ஏறு. படியில் உன்னை நாற்காலியில் வைத்துத் தூக்க நாலு பேர் இருக்கிறார்கள், என்னைத் தூக்கிப் பழகியவர்கள். கதவை முட்டித் திறப்பது முன்னங்கால் வேலை.