லல்லா ஷத்லியாவின் புள்ளி

"ஒரே ஒரு பேக்கேஜ். அதை மட்டும் புதுசாக்கு. மத்ததுல கை வெச்சே, தொலைஞ்சோம்" என்று சொல்லிவிட்டு முதலாளி ஸி மொன்ஜி காப்பி குடிக்கக் கிளம்பினார்.

ஹாஜர் தலையாட்டினாள். லா குலெத் துறைமுகத்தில் லல்லா ஷத்லியா என்றொரு அம்மாள் மீன் சாப்பாடு போடுகிறாள். இவர்கள் செய்துகொடுத்த செயலியின் வரைபடத்தில் அவள் கடை தப்பான இடத்தில் தெரிகிறதாம். பசியோடு வருகிறவர்கள் தபால் ஆபீசில் போய் நிற்கிறார்களாம். மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் போனில் கத்தியிருந்தாள். ஹாஜருக்கோ வேலையில் முதல் வாரம்.

செயலிக்குள் வரைபடம் காட்டுகிற மென்பொருள் துண்டான அந்தப் பேக்கேஜைப் புதுப்பித்து வெளியிட்டாள். தபால் ஆபீசில் இருந்த சிவப்புப் புள்ளி நகர்ந்து, சாலையைத் தாண்டி, கடலில் போய் நின்றது.

ஜன்னலுக்கு வெளியேயும் அதே கடல். வெயில் திரையில் விழுந்து, எது எந்த நீலம் என்றே தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டுகளைத் தலைக்கு மேல் ஏந்தி ஜனங்கள் நிதானமாக நீந்திப் போவதுபோல் அவளுக்குத் தோன்றியது. அவர்களோடு அவளும் கொஞ்ச தூரம் போனாள்.

"என்னடி தனியா சிரிக்கிறே?" என்றாள் பக்கத்து மேஜை செனியா.

"கடை கடல்ல மிதக்குதுடி."

"ஐயையோ! இடத்தைக் கணக்குப் போடுற பேக்கேஜ் பழசா இருக்கும். அதையும் ஏத்து."

ஏற்றினாள். புள்ளி சிசிலித் தீவுப் பக்கம் ஒய்யாரமாக மிதந்து போனது.

"எண்களைப் படிக்கிறது ஒண்ணு இருக்குமே, அது?"

அதையும் ஏற்றினாள். புள்ளி அசையவில்லை. ஆனால் செயலியின் சாப்பாட்டுப் பட்டியலில் மீன் சூப், இனிப்பு வகைகளில் போய் உட்கார்ந்துகொண்டது.

"செனியா, நீ வாயை மூடு!"

ஏற்றிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பழையபடி இறக்கினாள். புள்ளி தபால் ஆபீசுக்கே திரும்பியது. கடைசியில் அதைக் கையாலேயே பிடித்து இழுத்துவந்து, கரையோரம் பெரிதாகத் தெரிந்த ஒரு கட்டடத்தின் மேல் வைத்தாள். கடலை ஒட்டி, ஆனால் நிலத்தில். அப்பாடா!

திரும்பி வந்த ஸி மொன்ஜி எட்டிப் பார்த்தார். "சபாஷ்! நான் சொன்னேன்ல, ஒண்ணைத் தொட்டாப் போதும்னு?"

ஹாஜர் அவசரமாகத் தலையாட்டினாள்.

கதவு படாரென்று திறந்தது. லல்லாவின் கடையில் பரிமாறுகிற ஷுக்ரி, பரிமாறும்போது இடுப்பில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் மூச்சிரைக்க நின்றான்.

"காலையில ஒரு நிமிஷம் சரியா காட்டுச்சே, அதை ஏன் மாத்துனீங்க? ஜனமெல்லாம் சுங்க ஆபீஸ் வாசல்ல வரிசை கட்டி நிக்குது! எங்க கடையே படகுலதான் இருக்குன்னு உங்கள்ல ஒருத்தருக்குமா தெரியாது?"