முப்பத்தெட்டு மணிப் புரதம்

ஒரு காட்டில் ஓர் ஆய்வகம் இருந்தது. சிங்கராஜா எங்கே என்று கேட்காதீர்கள், அவர் மாற்றலாகிப் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது எல்லாம் யானை மகாலிங்கம்தான். ஆய்வகத்துக்கு இயக்குநர் அவர். அவர் நுழைவதற்காகவே வாசலை மூன்று முறை இடித்துக் கட்டினார்கள்.

அங்கே புரதங்களை ஆராய்ந்தார்கள். உடம்புக்குள் நடக்கிற வேலையெல்லாம் புரதம் பார்க்கிற வேலை. புரதம் என்றால் மணி கோத்த சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்று உடம்பு எழுதிவைத்திருக்கும் குறிப்புதான் மரபணு. நூறு மணிக்குக் குறைந்த குறிப்பு மரபணுவே அல்ல, வெறும் கிறுக்கல் என்பது ஆய்வகத்தின் விதி. ஏன் நூறு? மகாலிங்கம் ஒருநாள் நூறு என்றார், எழுதிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் காரணம் கேட்டால் பிழைக்க முடியுமா?

அங்கே சல்லடை கழுவும் வேலை மூஞ்சூறு தவமணிக்கு. உடம்பிலிருந்து எடுத்த சாற்றைச் சல்லடையில் ஊற்றி, மேலே தங்குவதை அறிஞர்கள் ஆராய்வார்கள். கீழே ஒழுகுவதைச் சாக்கடையில் கொட்டுவாள் தவமணி. பதினோரு வருஷமாகக் கொட்டினாள்.

அந்த மழைக்காலத்தில் குட்டிகளுக்கு ஒரு நோய் வந்தது. பின்னங்கால் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். இரண்டு முயல்குட்டி, ஒரு மான்குட்டி, அப்புறம் தவமணியின் ஒரே மகள் இளவஞ்சி. அறிஞர்கள் பெரிய புரதங்களையெல்லாம் அலசிவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு, குட்டிகளுக்குச் சோம்பேறித்தனம்” என்று எழுதிக் கொடுத்தார்கள். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்!

மூஞ்சூறுக்கு மூக்குதான் எல்லாம். ஒருநாள் சல்லடைக்கடியில் ஒழுகிய நீரை முகர்ந்தாள். நல்ல குட்டிகளின் நீரில் லேசாக ஒரு வாசம் இருந்தது. நோய்ப்பட்ட குட்டிகளின் நீரில் அது இல்லை. ஆய்வகத்தில் இருந்த குட்டிகளின் மரபணு ஏடுகளை எடுத்து வரிவரியாகத் தேடினாள். இரண்டு பெரிய மரபணுக்களுக்கு நடுவே, இடுக்கில், முப்பத்தெட்டே மணிக்கு ஒரு குறிப்பு. நோய்ப்பட்ட குட்டிகளுக்கு அதில் ஓர் எழுத்து கெட்டிருந்தது.

அந்தப் புரதத்தை ஒரு சொட்டு செய்து மகளுக்குக் கொடுத்தாள். சாயங்காலம் இளவஞ்சி எழுந்து நின்றாள். “அம்மா, பாரேன்!” என்று நாலடி நடந்தாள். மறுநாள் காலை மறுபடி துவண்டாள். தினமும் கொடுக்க வேண்டும். அதற்கு ஆய்வகத்தின் பெரிய கொப்பரை வேண்டும். கொப்பரைக்கு மகாலிங்கத்தின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குப் படிவம்.

குமாஸ்தா குரங்கு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“மணி எத்தனைம்மா?”

“முப்பத்தெட்டுங்க.”

“கட்டம் மூணு இருக்கே. ஒண்ணு காலியா இருந்தா திரும்பி வந்துடும்.”

“முன்னால ஒரு பூஜ்யம் போட்டுக்கட்டுங்களா?”

“பூஜ்யத்துல ஆரம்பிக்கிறதை எவன் மதிப்பான்? என் வேலைக்கு உலை வைக்காதே, தாயி.”

தவமணி நேரே மகாலிங்கத்திடமே போனாள். அவர் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று.

“இத்தனூண்டு புரதத்துக்கு இவ்வளவு வேலையா? அப்படி ஒண்ணு இருந்தா என் கண்ணுல படாமப் போயிருக்குமா?”

“ஐயா, உங்க உடம்புலயும் இது இருக்குங்க. அதனாலதான் நிக்கிறீங்க.”

“என் உடம்புலயா! இவ்வளவு சின்னதா எதுவும் என் உடம்புல கிடையாது. போ, போய்ச் சல்லடையைக் கழுவு.”

அங்கேயே அழுதாள். அழுது முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்தாள். தன் முப்பத்தெட்டு மணிக்குப் பின்னால் எதற்கும் உதவாத அறுபத்திரண்டு மணியைக் கோத்தாள். பாவம், வால் மாதிரி சும்மா தொங்கியது. வேலைக்கும் இடைஞ்சல் இல்லை. புதுப் படிவத்தில் மூன்று கட்டத்தையும் நிரப்பி நூறு என்று எழுதினாள்.

அன்றைக்கே கையெழுத்து! அதற்கு ‘மகாலிங்கப் புரதம்’ என்று பெயரும் வைத்து, இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கொப்பரை கொதித்தது, குட்டிகள் ஓடின. இளவஞ்சி ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரி, எவர் பெயராவது இருந்துவிட்டுப் போகட்டும்.

இத்தோடு விட்டார்களா? அறிஞர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த மழைக்காலத்தில் ஏழு பேர் குழு போட்டு ஆராய்ந்தார்கள். “இந்தப் புரதத்தில் அறுபத்திரண்டு மணிப் பகுதிதான் பெரியது. ஆகவே மகிமை அங்கேதான் இருக்கிறது. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் முப்பத்தெட்டு மணித் தூசியை வெட்டிவிடலாம்” என்று தீர்மானம் போட்டு வெட்டியும்விட்டார்கள். மறுநாளே இளவஞ்சி நடுவழியில் உட்கார்ந்துவிட்டாள்.

இம்முறை தவமணி அழவில்லை, வாதாடவும் போகவில்லை. முன்னால் உதவாத முப்பத்தொரு வெட்டி மணி, பின்னால் முப்பத்தொரு வெட்டி மணி, நடுவில் தன் முப்பத்தெட்டு என்று கோத்து, ‘மேம்படுத்தப்பட்ட மகாலிங்கப் புரதம்’ என்று எழுதிக் கொடுத்தாள். மகாலிங்கம் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், “அற்புதம்!” என்று கையெழுத்துப் போட்டார். ஏழு பேரும் முன்னாலும் பின்னாலும் ஆராய்ந்து ஆளுக்கொரு பட்டம் வாங்கிக்கொண்டார்கள். இளவஞ்சி இன்றைக்கும் நடக்கிறாள்.

நீதி: உங்களிடம் ஓர் உண்மை இருந்தால், அதன் இருபக்கமும் வெட்டிப்பேச்சைக் கட்டி நடுவில் ஒளித்துவையுங்கள், பெரியவர்கள் நடுவில் படிப்பதில்லை, ஆகவே அங்கே வைத்தது பிழைத்துக்கொள்ளும்.