பக்கத்து சீட்டைப் பார்த்த மீட்டர்

காரை மனைவியிடம் கொடுக்கக் கூடாது. ஆனால் கொடுக்க மாட்டேன் என்று தன் வாயால் சொல்லவும் கூடாது. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கடிகாரக் கடைக்காரர் இந்த முடிவுக்கு வந்தார்.

விஷயம் இதுதான். மனைவிக்கு ஊரின் மறுகோடியில் தையல் வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்திருந்தது. துணி மூட்டையும் கத்தரிக்கோல் பையுமாக இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். சமீபத்தில்தான் லைசென்ஸ் வாங்கினாள். வாங்கியவள் சும்மா இருந்தாளா? காலையில் காரை நான் எடுத்துக்கொள்கிறேனே என்று கேட்டுவிட்டாள்.

கடைக்காரரின் கடை தெருமுனையில் இருக்கிறது. வீட்டு வாசலில் தும்மினால் கடையில் கேட்கும். ஆனாலும் அவர் காரில்தான் போவார். போய், அதை நாள் முழுக்க நிழலில் நிறுத்திவைத்துவிட்டு, வருகிறவர்கள் பார்க்கும்படி சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருப்பார். அந்தச் சாவியும் போய்விட்டால் மனுஷன் எதைச் சுற்றுவார்?

அதனால் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டார். புதிதாக ஓட்டுகிறவர்கள் ஆக்சிலரேட்டரைக் கண்டபடி மிதிப்பார்கள், பெட்ரோல் தண்ணீராய்ப் போகும் என்றார். யார் கண்டபடி மிதிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள்.

"முள் சொல்லும். நான் நாள் முழுக்க முள்ளோட வாழறவன். அது பொய் சொல்லாது."

"நானும் அப்படித்தானேங்க வாழறேன்" என்றாள் அவள்.

மறுநாளே உதிரிபாகக் கடையிலிருந்து ஒரு மீட்டர் வாங்கி வந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம், அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு. இன்ஜினிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை இழுத்து அதன் முதுகில் செருகிவிட்டால், ஓட்டுகிறவர் எவ்வளவு மிதிக்கிறார் என்பதை முள் காட்டிக்கொடுத்துவிடும். பேச்சு இப்படி முடிந்தது: ஆளுக்கு ஒருமுறை பாலம் வரை ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும். யார் ஓட்டும்போது முள் குறைந்த தடவை சிவப்புக்குப் போகிறதோ, சாவி அவருக்கு. அவள் உடனே சரி என்றுவிட்டாள். அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மீட்டரை ஓட்டுகிறவர் பக்கம் திருப்பி வையுங்கள் என்று உதிரிபாகக் கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இவர் கேட்கவில்லை. அவள் ஓட்டும்போது நீதிபதியாகப் பக்கத்து சீட்டில் உட்காரப் போவது இவர். முள் தெரிய வேண்டியது நீதிபதிக்கா, குற்றவாளிக்கா? பக்கத்து சீட்டை நோக்கியே திருப்பி, நான்கு திருகாணி போட்டு இறுக்கினார்.

குழாயை உள்ளே இழுப்பதற்குள் உயிர் போய்விட்டது. தலை பெடல்களுக்கு நடுவே, கால் இரண்டும் கதவுக்கு வெளியே. கார் யாரையோ விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று தெருவில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, முள் எப்போது சிவப்புக்குப் போகும் என்று பாடம் கேட்கும் பிள்ளை மாதிரி கேட்டாள். அடியில் கிடந்தபடியே அவர் பாடம் எடுத்தார்.

"மனசு பதறினா கால் பதறும். கால் பதறினா முள் சிவப்புக்குப் போயிடும். என்னை மாதிரி நிதானமா இருக்கணும்."

"அப்ப முதல்ல நீங்களே ஓட்டிக் காட்டுங்க. பார்த்துக் கத்துக்கறேன்" என்றாள்.

ஓட்டினார். முட்டைக் கூடையை மடியில் வைத்திருப்பவர் போல ஓட்டினார். முள் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் மீட்டரின் முதுகுதான் தெரிந்தது. முனை திரும்பியதும் மனைவி, தன் தம்பி குடும்பத்தோடு வந்து லீவு முடிகிறவரை தங்கப் போவதாகச் சொன்னாள்.

கார் ஒரு துள்ளு துள்ளியது.

"சிவப்பு" என்றாள், பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போல. பிறகு, இன்னும் முடிவாகவில்லை என்றாள். "இப்ப பச்சை."

பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, முன்ரூமுக்கு நான் தச்ச கர்ட்டன் நிஜமாவே நல்லாயிருக்கா?"

"அதுக்கென்ன, பிரமாதம்."

"சிவப்பு."

அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"மத்தியானம் கடையில தூங்கறதில்லைன்னு சொன்னீங்களே?"

"எங்கே தூங்கறது? தலைக்கு மேல வேலை."

"சிவப்பு."

திரும்பி வரும் வழி முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. அவள் கேட்பதையும் நிறுத்தவில்லை. வாய் பேசாவிட்டால் என்ன, கால் பதில் சொல்லிக்கொண்டே வந்தது.

பிறகு அவள் ஓட்டினாள். நீதிபதி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முள்ளையே முறைத்தார். அவள் தம்பியைத் திட்டிப் பார்த்தார். கர்ட்டனைப் பற்றிய உண்மையைச் சொல்லிப் பார்த்தார். தையல் வகுப்புக்கு யார் வரப் போகிறார்கள் என்றுகூடக் கேட்டுவிட்டார். முள் பச்சையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய கால் அது. இதற்கெல்லாம் பதறுமா?

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தவள், அதைக் கத்தரிக்கோல் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவர் திருப்புளியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். இனிமேல் மீட்டர் எதற்கு, கழற்றிவிடலாம் என்றார்.

"இருக்கட்டும்ங்க. ஞாயித்துக்கிழமை நீங்கதானே ஓட்டப் போறீங்க? கேக்க வேண்டியது எனக்கு இன்னும் நிறைய இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெளியே கிளம்பினார்கள். ஓட்டவே தெரியாதவரைப் போல, கடைக்காரர் தானாகவே போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.