குருவிக்கு இரண்டு சாட்சி

காரைக்காலைப் பிரெஞ்சுக்காரன் இருநூறு வருஷம் ஆண்டான். அத்தனை வருஷத்திலும், காரைக்கால் என்பது பிரான்சு தேசத்தின் அசல் துண்டு என்று முழு மனதோடு நம்பிய ஆசாமி ஒரே ஒருவர்தான். பிரெஞ்சுக்காரன்கூட அதை அவ்வளவாக நம்பவில்லை. நம்பியவர் எங்கள் பதிவு ஆபீஸ் சாட்சி முசே.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. சாட்சி என்பது நாங்கள் கொடுத்த பட்டம். எங்கள் ஆபீசில் பிள்ளை பிறந்தாலும் பெரியவர் போய்ச்சேர்ந்தாலும் பதிவேட்டில் ஏற இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். எங்களுக்கெல்லாம் அது ஆபீஸ் சட்டம். சாயங்காலம் பூட்டைப் பூட்டினால் முடிந்துபோகும். அவருக்கு அது உயிர். "வெளியில மழைங்க முசே" என்றால், "யார் யார் பாத்தது?" என்பார். வீட்டில் அவர் சம்சாரம் "குழம்புக்கு உப்புப் போட்டாச்சு" என்று சொன்னாலும் இதே கேள்விதான் என்று ஊரில் பேச்சு. அதற்கு என்னிடம் சாட்சி கிடையாது.

ஆள் ஒடிசல். வெள்ளை டிரில் கோட்டு, தக்கைத் தொப்பி, கோட்டைவிட வயதான ஒரு சைக்கிள். தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுப் பிரஜையான குடும்பம். ஆனால் பிரான்சை அவர் படத்தில் பார்த்ததோடு சரி. அவர் போன ஒரே அயல்நாடு நாகப்பட்டினம். அங்கே போய் மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்து, "நேத்து வெளிநாடு போயிருந்தேன் தம்பி, வெயில் நம்ம தேசத்தவிட ஜாஸ்தி" என்று சொல்லுவார். சிரிக்காமல் சொல்லுவார். நான் அப்போது அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த சின்ன குமாஸ்தா. நானும் சிரிக்காமல் கேட்டுக்கொள்வேன்.

இவருக்குக் குருவிப் பைத்தியம் பிடித்தது ஒரு மர அலமாரியால். தேசத்துக்குத் திரும்பிய பிரெஞ்சு உத்தியோகஸ்தர் ஒருவர் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டார். அலமாரி முசே தலையில் விழுந்தது. அதன் தட்டுகளில் பழைய அச்சுத்தாள் விரித்திருந்தார்கள். நீங்களும் நானும் அதை உதறிவிட்டுத் துணியை அடுக்குவோம். இவர் துணியைத் தரையில் போட்டுவிட்டு, தாளை எடுத்துப் படித்தார்.

பிரான்சின் வடகடற்கரையில் ஒரு பறவை பார்க்கும் சங்கம் போட்ட பத்திரிகை அது. அந்தக் கரையோரம் முழுக்க வசந்தம் பிறக்கும்போது எந்த ஊரில் எந்தப் பறவையை யார் முதலில் பார்த்தது என்று வருஷா வருஷம் பட்டியல் போடுவார்களாம். பிப்ரவரி ஒன்றாம் தேதி கணக்குத் தொடங்கும். எல்லாரையும் முந்திக்கொண்டு தகைவிலானைப் பார்த்தவருடைய பெயரைத் தலைப்பில் தடித்த எழுத்தில் அச்சடிப்பார்கள்.

தகைவிலான் என்றால் யாரோ என்று நினைக்கவேண்டாம். பிளந்த வாலும் செங்கழுத்துமாகத் தந்திக் கம்பியில் வரிசையாக உட்காருமே, அதுதான். எங்களுக்கு அது கம்பிக்குருவி. அங்கே குளிர் தாங்காமல் ஓடிப்போய், வசந்தத்தில்தான் திரும்பிவரும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். எங்கள் ஊரிலோ ஐப்பசியில் வந்து உட்கார்ந்தால் பங்குனி வரைக்கும் நகராது. அதற்குக் கீழே துணி காயப்போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மறுநாள் முசே தாளோடு ஆபீசுக்கு வந்தார்.

"நான் பிரெஞ்சுப் பிரஜையா இல்லியா?"

"ஆமாங்க முசே."

"நம்ம ஊரு கொம்யூனா இல்லியா?" பிரெஞ்சில் ஊராட்சிக்கு அதுதான் பெயர்.

"ஆமாங்க."

"கடல் இருக்கா?"

"தோ, இரையுதுங்களே."

"அப்பறம் என்ன? நம்ம குருவியும் போட்டியில சேர்த்திதான்."

"வடகடற்கரைன்னு போட்டிருக்காங்களே முசே?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அரசலாத்துக்கு நம்ம ஆபீஸ் எந்தப் பக்கம்?"

வடக்குப் பக்கம்தான்.

சந்தா போயிற்று, ரசீது வந்தது, ஜனவரி கடைசியும் வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பேரன் பிறந்ததைப் பதிய வந்தார் சைகோன் மரைக்காயர். சைகோனில் துணிக்கடை வைத்துப் பிழைத்துவிட்டு, ஊரோடு வந்து உட்கார்ந்த பெரிய மனிதர். முசே பதிவேட்டை மூடினார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க, மரைக்காயரே."

"ஆறு மணிக்கு ஆபீஸ் ஏதுங்க?"

"ஆபீசுக்கு இல்ல. தந்திக் கம்பத்துக்கு."

தைப்பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பாவம் அவரும் வந்தார், நானும் போனேன். கம்பியில் நாற்பது குருவி. முசே எங்கிருந்தோ ஒரு தூரக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். பத்தடி உயரத்தில் இருந்த குருவியை அதை வைத்துப் பார்த்தார்.

"இதுல எதைங்க முசே பதியறது?" என்றேன்.

"இடது கோடியில உக்காந்திருக்கு பாரு, அது."

பேனாவைத் திறக்கவும் அது பறந்தது. "போயிடுச்சேங்க!" என்றார் மரைக்காயர்.

"போனா என்னாங்க? ஒங்க பேரனை ஆபீசுக்குத் தூக்கிட்டு வந்தீங்களா? நீங்க பாத்ததுதான் கணக்கு. போடுங்க கையெழுத்து. ஆறு மணி பத்து நிமிஷம்."

போட்டோம். முதலில் குருவி பதிவாயிற்று, பிறகுதான் பேரன். "என் குலக்கொழுந்துக்கு மூத்தது ஒரு குருவின்னு ஆயிப்போச்சு" என்று மரைக்காயர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

பட்டியலில் மற்றப் பறவைகளையும் சேர்க்கவேண்டும் என்று முசே ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்தார். போலகம் குளக்கரையில் நாரைக்குச் சாட்சி கேட்டு ஒரு மாட்டுக்காரரின் பெருவிரலில் மை தடவினார். விழிதியூர் வயலில் நடவு நட்ட பெண்கள் இவர் தொப்பியைப் பார்த்து வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். உள்ளான் குருவியைக் காட்டி அதன் பெயரைக் கேட்டார். ஒருத்தி பெயரைச் சொல்லாமல், வறுக்கும் பக்குவத்தைச் சொன்னாள். பட்டினச்சேரிக் கரையில்தான் விஷயம் முற்றியது. கோட்டும் தொப்பியுமாக ஒருவர் தூரக்கண்ணாடியில் கடலைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினால் மீன்பிடிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வலைக்குப் புது வரி போட வந்திருக்கிறார் என்று ஒரே பேச்சாகிவிட்டது. அரைமணியில் கரையில் ஒரு வலை இல்லை. ஒரு பெரியவர் கைகட்டி வந்து, கொடுவா மீன் ஒன்றை இலையில் வைத்து நீட்டினார்.

"எழுதினதை அடிச்சிடுங்க சாமி."

"அடிக்க முடியாதுய்யா. பன்னெண்டு கடல்காக்கா. நீ ஒரு சாட்சி, இன்னொருத்தரைக் கூப்பிடு."

கொடுவாவை வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் அவர்களுடைய பயம் இன்னும் அதிகமாயிற்று.

ஆனி மாதம் பத்திரிகை வந்தது. தலைப்பில், தடித்த எழுத்தில், எங்கள் சாட்சி முசே! காரைக்கால், பிப்ரவரி ஒன்று, காலை ஆறு பத்து, சாட்சிகள் இருவர். வருஷக்கணக்காக அந்த இடத்தில் இருந்தவர் பிரான்சுக் கரையில் ஓய்வுபெற்ற ஒரு சுங்கக்காரர். பாவம், அவர் மார்ச் கடைசியில், குளிரில் மூக்கு சிவக்க நின்று ஒரு குருவி பார்த்திருந்தார். அது இரண்டாம் இடம். அடுத்த வருஷமும் அதே கதை. மனிதர் பொறுக்கமாட்டாமல் பத்திரிகைக்கே எழுதிவிட்டார். 'காரைக்கால் பறவை வசந்தத்தில் அங்கே வரவில்லை, அது இன்னும் அங்கிருந்து கிளம்பவே இல்லை!'

முசே பதில் எழுதினார். 'பார்த்தீர்களா என்றுதான் விதி கேட்கிறது. வந்ததா என்று கேட்கவில்லை.' சங்கம் விதியைப் புரட்டிப் பார்த்து, வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டது. இப்படி நான்கு வருஷம். முசே அந்த நான்கு பத்திரிகையையும் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கல்யாணப் பந்தியில்கூட எடுத்துக் காட்டுவார். பாயசம் ஆறிப்போகும். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம், சில நாள் முன்னாலும் சிரித்தோம்.

ஐம்பத்து நாலு நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. ஊரே வெடி வெடித்துக் கொண்டாடியது. முசே மட்டும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார்.

"நிர்வாகத்தைத்தான் குடுத்திருக்கான் தம்பி. அந்த ஊரு பார்லிமெண்டு இன்னும் ஒத்துக்கல. அதுவரைக்கும் சட்டப்படி இந்த மண்ணு பிரான்சு. நம்ம குருவி செல்லும்."

வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் ஆபீசுக்குப் புது அதிகாரி வந்திருந்தார். சிரிப்பே தெரியாத மனிதர். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில், 'தேசம்: பிரான்சு' என்று எழுதிய தாளில் எவன் கையெழுத்துப் போடுவான்?

ஜனவரி கடைசியில் முசே வழக்கம்போல, "நாளைக்கு ஆறு மணி தம்பி" என்றார்.

"வயிறு சரியில்லைங்க முசே."

மரைக்காயருக்கும் சர்க்காரில் ஒரு லைசென்சு மனு கிடப்பில் இருந்தது. "நாகூர்ல ஒரு மவுத்துக்குப் போவணுங்க" என்றார். செத்தது யார் என்று அவருக்கும் தெரியாது.

என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தத் தந்திக் கம்பம் தெரியும். ஆறு மணிக்கு முசே வந்தார். ஆறு பத்துக்கு மேலே பார்த்தார், எழுதினார். பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பால்காரரை நிறுத்தினார், அவர் தாளைப் பார்த்ததும் சைக்கிளை மிதித்தார். இட்டிலிக்காரம்மாவிடம் கேட்டார், அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். நேற்றுவரை அவர் முன்னால் கைகட்டி நின்ற பேர்வழிகள் எதிர்ச் சாரியில் நடந்தார்கள். எட்டு மணி வரைக்கும் நின்றார். நான் ஜன்னல் கதவை மெதுவாகச் சாத்தினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் ஆபீசில், மானத்தை விட்டு நானே கேட்டேன். "எங்க கையெழுத்தெல்லாம் ஒங்களுக்கு அத்துப்படிங்களே முசே. நீங்களே ரெண்டு பேரைப் போட்டு அனுப்பிடுங்களேன். அங்க எவன் வந்து பாக்கப்போறான்?"

அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"பாக்காத ரெண்டு பேரைப் பாத்ததா எழுதச் சொல்றியா? அப்பறம் இந்த ஊர்ல நான் எழுதி வெச்ச பொறப்பெல்லாம் என்னடா ஆவறது?"

அந்த வருஷம் ஆனி மாதப் பத்திரிகையில் சுங்கக்காரர் மறுபடி தடித்த எழுத்தில் இருந்தார். அவருக்குக் கீழே ஒரு வரி, 'காரைக்கால்: தகவல் இல்லை.' முசே அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மறு பிப்ரவரி ஒன்றாம் தேதி யாரும் கூப்பிடாமல் எழுந்து, ஐந்தே முக்காலுக்குக் கம்பத்தடிக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு மப்ளர் நின்றுகொண்டிருந்தது.

"என்னாங்க மரைக்காயரே, நாகூர்ல வேலை இல்லீங்களா?"

"ஒன் வயிறு எப்படி இருக்கு தம்பி?"

முசே வந்தார். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. தூரக்கண்ணாடியால் இடது கோடிக் குருவியைப் பார்த்தார். தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போடப்போன இடத்தில், தேசம் என்ற வரி காலியாக இருந்தது. ஒரு கமாவுக்காக ஊரையே ஆபீசுக்கு இழுக்கிற மனிதர்!

"முசே, தேசம் எழுதலியேங்க?"

"பரவால்ல, போடு."

"இது இல்லாட்டி ஏத்துக்குவாங்களா?"

"ஏத்துக்காட்டி என் பேருதான போவும்? ஒன் வேலை போனா ஒன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

மரைக்காயர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். பனி என்றார்.

சங்கம் ஏற்றுக்கொண்டது. தேசம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டு, தடித்த எழுத்தில் முசே பெயரை அச்சடித்திருந்தார்கள். சுங்கக்காரர் அந்த வருஷம் ஆட்சேபணை எழுதவில்லை. முசே அதைக் கோட்டுப் பையில் ஐந்தாவதாக வைத்துக்கொண்டார். அதே வருஷம் ஓய்வுபெற்றார். சில வருஷம் கழித்துப் போய்ச்சேர்ந்தார். பதிவேட்டில் நானும் மரைக்காயரும்தான் சாட்சி.

இப்போது நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். பிப்ரவரி ஒன்றாம் தேதி காலை ஆறு பத்துக்கு வாசலில் வந்து நின்று கம்பியைப் பார்க்கிறேன். அதோடு விட்டால் பரவாயில்லை. தூங்குகிற என் சம்சாரத்தை எழுப்பிக் கூட்டிவந்து, "இடது கோடியில பாரு" என்று காட்டுகிறேன். கிழத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று திட்டிக்கொண்டேதான் பார்க்கிறாள். திட்டிவிட்டுப் போகட்டும். நாளைக்கு மேலே போய், ஒரே ஒரு சாட்சியோடு அந்த மனிதர் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது.