அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தக் கோரி

சாந்தோம்,
6-6-1948

அன்புள்ள தங்கபுஷ்பம் அத்தைக்கு டோரதி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் மாமாவும் எப்படி என்று எழுதவும்.

"ஆறாவது ஷரத்தையும் படியுங்களேன்" என்று, கம்பெனி ஒப்பந்தத்தை அப்பா படித்த அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. அப்பா ஹெட் கிளார்க்காகவும் நான் டைப்பிஸ்டாகவும் இருக்கும் தியாகராய நகர் குடைக் கம்பெனியில் சங்கம் ஸ்டிரைக் செய்து வாங்கிய ஒப்பந்தம் அது; டைப் அடித்தவளே நான்தான். அப்பா ஐந்தாவது ஷரத்தை மட்டும் எழுதி ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்: குற்றம் ஏதுமின்றி, ஆள் மிகுதி என்று நிறுத்தினால், சர்வீஸ் வருஷம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம். தானாக விலகினால் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இருபத்துநாலு வருஷம். அந்தப் பணம் வந்தால் நான் பி.ஏ. சேரலாம் என்று சவரம் செய்துகொண்டே சீட்டியடித்து, தாடையை வெட்டிக்கொண்டார். அப்பா சீட்டியடித்து நான் கேட்டதே இல்லை. அந்தச் சீட்டியை நிறுத்த மனம் வரவில்லை.

குற்றம் செய்யாமல் வேண்டாதவர் ஆவது லேசில்லை, அத்தை. வேலையே மிச்சமில்லை என்று காட்ட, மழைக்காலத்துக் கடிதங்களை அப்பா மே மாதமே எழுதி முடித்தார். முதலாளி நூர் முஹம்மது சாயபு பூரித்துப்போய் அடுத்த வருஷத்துக் கடிதங்களையும் கொடுத்தார். அதையும் முடித்துவிட்டு, தூங்கினால் குற்றம், பேப்பர் படித்தால் குற்றம் என்று நாலு நாள் வெறுமனே கைகட்டி உட்கார்ந்தார். வந்தவர்களெல்லாம் இவர்தான் முதலாளி என்று சலாம் வைத்தார்கள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"முதலாளி, நான் தண்டமா உக்காந்திருக்கேன், தெரியலையா?"

"தெரியுது நைனா. நீ குந்திக்கினு இருந்தாத்தான் கடைக்கே களை. போணும்னா ராஜிநாமா குடு, மாலை போட்டு, பிரியாணி போட்டு அனுப்பறேன்."

"நீங்க நிறுத்துங்க, நானே உங்களுக்கு மாலை போடறேன்."

"இன்னா பேச்சு இது! இருவத்திநாலு வருசம் கூட டீ குடிச்சவனை எந்த வாயால போவச் சொல்றது?"

இருவரும் அழுதார்கள். பிறகு டீ குடித்தார்கள்.

நேற்று அப்பா, ஆபீசில் இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவரே செய்யலாம் என்று கட்டம் போட்டு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். சாயபு இரண்டு தரம் படித்தார். "கரெக்ட்டு நைனா. ஒரு ஆள் ஜாஸ்திதான். திங்கக்கெழமை லெட்டர் குடுத்துர்றேன்" என்றார். அப்பா வரும் வழியில் சாயபுவுக்கு ஒரு ஜிகினா மாலையும், காலேஜுக்கென்று எனக்கு ஒரு பேனாவும் வாங்கிவந்தார். அதில்தான் இதை எழுதுகிறேன். வரும் ஞாயிறு விருந்துக்கு நீங்களும் மாமாவும் அவசியம் வரவேண்டுமாம். தேவமாதா உங்கள் முழங்காலை ரயிலேறும் அளவுக்காவது குணமாக்கட்டும்.

இப்படிக்கு,
டோரதி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடவில்லை, இன்று செவ்வாய். நேற்று சாயபு லெட்டர் கொடுத்தார், என்னிடம். ஆட்களைக் குறைத்தால் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும் என்பது ஆறாவது ஷரத்து. நான் சேர்ந்து பதினோரு மாதம். ஒரு வருஷம் நிறையாததால் நஷ்டஈடு இல்லை. ஜிகினா மாலையைச் சாயபு என் கழுத்தில் போட்டார். பிரியாணி நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். அப்பா இன்று ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனார். டைப்பும் இனி அவர்தான் அடிக்கவேண்டும்.